கட்டாயக் கல்விச் சட்டங்களும் இடையில் நிற்கும் பிள்ளைகளும்

பள்ளிக்கூடத்திற்குப் போகாத பிள்ளையைப் போகச் செய்வதற்குச் சட்டம் ஒன்று வேண்டுமா, அன்றித் தாய் தந்தையரின் விருப்பம் ஒன்றே போதுமா என்னும் கேள்வி நம் நாட்டுச் சபைகளில் நூறு வருஷங்களுக்கு மேலாகப் பேசப்பட்டு வந்துள்ளது. ‘கட்டாயக் கல்வி’ என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அக்கட்டாயம் யாருடைய தலையில் வைக்கப்பட்டது என்று பார்ப்பவர் சிலரே. ஒரு காலத்தில் அது பிள்ளையின் முதுகில் இருந்தது. பின்னர்த் தகப்பனின் பணப்பையைத் தொட்டது. இப்பொழுது சர்க்காரின் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்தது என்பதை நம் சங்கத்து அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்வது நலம். ஏனெனில், சங்கரன்கோவிலிலும் அதைச் சூழ்ந்த கரிசற்காட்டுக் கிராமங்களிலும் பள்ளியை இடையில் விடும் பிள்ளைகள் அயலார் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அல்லர்.

சட்டம் வருவதற்கு முன்னிருந்த திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம். அங்கே வராத பையனைப் பிடித்துவரச் சட்டாம்பிள்ளை அனுப்பப்படுவான். அவனோடு தடித்த பையன்கள் நாலைந்துபேர் சென்று, குளத்தங்கரையிலோ புளியந்தோப்பிலோ ஒளிந்திருப்பவனைக் கையுங்காலுமாகத் தூக்கி வருவார்கள். 1823-ம் வருஷத்தில் பல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்பெல் என்னும் துரை, தம் ஜில்லாப் பள்ளிகளைப்பற்றி எழுதிய அறிக்கையிலே ஒரு வழக்கத்தைக் குறித்திருக்கிறார். விடியற்காலையில் முதலில் வந்த பையனுடைய உள்ளங்கையில் சரசுவதியின் நாமம் எழுதப்படும், இரண்டாமவன் கையில் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அப்பால் வருவோருக்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். சோம்பேறிப் பையனைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுதலும் உண்டு என்கிறார். அதுவே நம் தமிழ்நாட்டுப் பாட்டன்மார் கோதண்டம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நடுங்கிய தண்டனை. இவ்வளவுக்கும் சர்க்கார் சட்டம் ஒன்றும் இல்லை. உபாத்தியாயருக்குப் பையன் வந்தால்தான் கூலி. ஆகவே பையனைத் தேடினார்.

அதே அறிக்கையில் காம்பெல் சொல்லும் மற்றொரு செய்தி இவ்வரலாறு முழுவதற்கும் திறவுகோல் போன்றது. முன்னர்ப் பள்ளி இருந்த பல கிராமங்களில் இப்பொழுது பள்ளி இல்லை. நடுத்தரத்தாரும் ஏழைகளும் கூலி கொடுக்க இயலாதவராயினர். பிள்ளையின் இளங்கைகள் சிறிதளவு வேலைக்குத் தகுதியானவுடனே அந்த வேலை குடும்பத்துக்கு வேண்டியதாகி விடுகிறது என்பது அவர் கருத்து. அக்காலத்தில் சென்னை ராஜதானி முழுவதையும் கணக்கெடுக்கச் செய்த கவர்னர் சர் தாமஸ் மன்றோ, 1826-ம் வருஷத்திய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் உள்ளனர் என்று எழுதினார். ராஜதானியின் ஜனத்தொகையோ 1,28,50,941. இந்த மாணாக்கருள்ளும் எத்தனைபேர் நெடுங்கணக்கைக் கடந்து எண்சுவடி முடியுமட்டும் இருந்தார்கள் என்பதைத் தொகை சொல்லவில்லை.

நம் பக்கத்து நிலைமையை நினைத்துப் பார்த்தால் காம்பெல் துரை சொன்னது பல்லாரிக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும். சர்க்கார் தஸ்தாவேஜுகளிலே சங்கரநயினார்கோவில் தாலூகா என்று எழுதப்பட்ட இப்பகுதியில் பெரும்பாலும் வானம் பார்த்த கரிசல் நிலம். பருத்தி வெடிக்கும் பருவத்திலே சிறு விரல்களுக்கு வேலை உண்டு. ஆடு மாடு மேய்ப்பதற்குப் பெரியவன் ஒருவன் வேண்டியதில்லை. எட்டு வயதுப் பையன் போதும். தறி வைத்திருக்கும் வீட்டிலோ தார் சுற்றுவதற்குப் பெண்பிள்ளையும், பாவு ஓட்டும்போது உடன் நிற்பதற்கு ஆண்பிள்ளையும் வேண்டும். ஆடித் தபசு வந்தால் ஊரே கோவிலில் இருக்கும். அதற்குப் பள்ளியை விட்டது ஒரு குற்றமாகாது. திருவிழாவுக்கு நின்ற பையன் மறுவாரம் வந்துவிடுகிறான். பருத்திக்கு நின்றவன் சில வேளை வருவதேயில்லை. வராத நாளுக்கும் நின்றுபோன பிள்ளைக்கும் உள்ள வேற்றுமை இதுதான். சட்டம் எழுதியவர்கள் இவ்விரண்டையும் நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணினார்கள். 1882-ம் வருஷத்து ஹண்டர் கமிஷன், பயிர்த்தொழில் செய்யும் கிராமங்களில் பள்ளி நேரத்தையும் பருவத்தையும் ஊர்நிலைக்குத் தக்கபடி அமைக்கலாம் என்று சொல்லியது. நல்ல யோசனைதான், ஆயினும் நடப்பில் பள்ளிக்கூடத்து மணி பெரும்பாலும் பட்டணத்து மணியாகவே அடித்தது.

இனி வெளிநாடுகள். பிரஷியாவில் 1763-லேயே கட்டாயப் படிப்புக்கு அரசன் கட்டளை பிறந்தது. அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் நாடு 1852-ல் சட்டஞ் செய்தது. ஜப்பான் 1872-ல் தொடங்கி, 1907-ல் ஆறு வருஷப் படிப்பைக் கட்டாயமாக்கிற்று. நமக்கு நெருங்கிய பாடம் இங்கிலாந்திலேதான் இருக்கிறது, ஏனெனில் அங்கும் நெசவாலையே பிள்ளைகளை இழுத்தது. 1833-ம் வருஷத்து ஆலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்டவரை நெசவாலையில் வைக்கலாகாது என்றும், ஒன்பது முதல் பதின்மூன்று வயதுவரை உள்ளவர் நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது படிக்கவேண்டும் என்றும் விதித்தது. 1880-ல்தான் ஐந்து முதல் பத்து வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம் வந்தது. அதன் பின்னரும் லங்காஷையர் நூல் ஆலைகளில் பாதிநாள் வேலையும் பாதிநாள் பள்ளியுமாகப் பிள்ளைகள் அலைந்தனர். காலையில் ஆலை, மாலையில் பள்ளி மேசைமீது தூக்கம். இந்தப் பாதிநாள் முறையை ஒழிப்பதற்கு 1918-ம் வருஷத்துச் சட்டம் வேண்டியதாயிற்று. இதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். நம் ராஜதானியின் கதையிலே இதே பாதிநாள் மீண்டும் வரும்.

இந்தியாவில் முதலில் துணிந்தவர் பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட். 1893-ல் அம்ரேலி தாலூகாவில் பரீக்ஷித்துப் பார்த்து, 1906-ல் சமஸ்தானம் முழுவதற்கும் கட்டாயக் கல்வியை விரித்தார். நம் மேற்கெல்லையில் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817-லேயே பிரஜைகளின் படிப்புச் செலவை ராஜாங்கமே ஏற்கவேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார். மலையடிவாரத்துச் செங்கோட்டை 1956 வரை அந்த ராஜ்யத்தைச் சேர்ந்தே இருந்தது. ஒருநாள் நடையில் சட்டமும் ராஜாங்கமும் வேறாயின.

பரோடாவைக் கண்டு மனங்கொண்ட கோபாலகிருஷ்ண கோகலே 1910-ல் ஒரு தீர்மானமும், 1911 மார்ச்சு மாதத்தில் ஒரு மசோதாவும் இராஜப்பிரதிநிதியின் சட்டநிரூபண சபையில் கொண்டுவந்தார். அம்மசோதாவைப் படித்தால் அவர் எவ்வளவு அடக்கமாகக் கேட்டார் என்பது வியப்பைத் தரும். நாடெங்கும் கட்டாயம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஏற்கெனவே போதிய பிள்ளைகள் படிக்கும் இடங்களில் மட்டும், முனிசிபாலிடியோ ஜில்லா போர்டோ விரும்பினால், சர்க்கார் சம்மதம் பெற்று, ஆறு முதல் பத்து வயதுவரை உள்ள பையன்களுக்குக் கட்டாயமாக்கலாம் என்பதே அதன் சாரம். மாதம் பத்து ரூபாய்க்குக் குறைந்த வரும்படியுள்ள தகப்பனிடம் சம்பளம் வாங்கலாகாது. பிள்ளைகளின் வரவைக் கவனிக்க உள்ளூரில் ஒரு குழு இருக்கும். எச்சரித்தும் கேளாத தகப்பனுக்குச் சிறு அபராதம். இதற்குத்தான் எத்தனை மறுப்புகள்! பணமில்லை என்றனர் உத்தியோகஸ்தர். ஜனங்களே விரும்பவில்லை என்றனர் சிலர். வயலில் கூலிக்கு ஆள் கிடைக்காமற் போகும் என்னும் அச்சமும் பெருநிலக்காரரிடம் இருந்தது. 1912 மார்ச்சில் மசோதா 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் தள்ளப்பட்டது. தோற்றவர் கோகலே; ஆயினும் அவர் மசோதாவின் அச்சிலேயே பின்வந்த மாகாணச் சட்டங்கள் பெரும்பாலும் வார்க்கப்பட்டன. 1918-ல் விட்டல்பாய் பட்டேல் பம்பாயில் ஒன்றை நிறைவேற்றினார். சென்னையின் முறை 1920-ல் வந்தது.

சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம், 1920-ம் வருஷத்து 8-வது சட்டம், ஜில்லாதோறும் கல்விச் சபைகளை அமைத்தது. கல்வி வரி விதித்துக்கொள்ள இடந்தந்தது. முனிசிபாலிடியும் தாலூகா போர்டும் தத்தம் எல்லைக்குள் கட்டாயத்தைக் கொண்டுவரலாம் என்றது. ‘லாம்’ என்பதிலேதான் எல்லாம் இருந்தது. சில நகரங்கள் முன்வந்தன. கிராமப்புறங்களில் வரிக்கு அஞ்சி அங்கத்தினர் பேசாதிருந்தனர். வரி கொடுப்பவரின் வாக்கினால் வந்தவர் வரியைக் கூட்டத் துணிவது எளிதன்று. தாலூகா போர்டுகளே 1934-ல் ஒழிந்தும் போயின. கட்டாயம் அமைந்த இடங்களிலும் அபராதம் கூசியே விதிக்கப்பட்டது என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாலணாக் கூலிக்காகப் பிள்ளையை வேலைக்கு விட்ட தகப்பனிடம் அபராதம் வாங்கினால், அதைக் கட்டுவதற்கும் அந்தப் பிள்ளைதான் இன்னும் சில நாள் வேலைக்குப் போகவேண்டும். இந்த எளிய கணக்கைச் சட்டம் போடவில்லை.

அதே 1920-ம் வருஷத்தில் சென்னை நகரத்தில் வேறொரு காரியம் நடந்தது. நகரசபைத் தலைவர் பி. தியாகராய செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது, 1925-ல் நின்றுபோயிற்று. சட்டம் ஒருபுறம் அபராதத்தைக் காட்டி அழைக்க, மறுபுறம் சோறு காட்டி அழைக்கப்பட்டது. எவ்வழி வென்றது என்பது முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பின் தெரியவந்தது.

இடையில் 1929-ல் ஹார்ட்டாக் கமிட்டியார் தம் அறிக்கையை வெளியிட்டனர். 1922-23-ல் முதல் வகுப்பிலிருந்த நூறு பிள்ளைகளில் 1925-26-ல் நாலாம் வகுப்பை எட்டியவர் 18 பேர் என்பது அவர்கள் கண்ட கணக்கு. மற்ற 82 பேரில் சிலர் ஒரே வகுப்பில் தேங்கினர், பலர் விலகினர். நாலு வகுப்பாவது படியாதவனுக்கு எழுத்து நிலைக்காது என்பதனால், அவர்களுக்காகச் செலவிட்ட பணத்தைக் கமிட்டியார் விரயம் என்றனர். இந்தச் சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பணம் விரயமானதை எழுதினார்கள். பிள்ளையின் இரண்டு வருஷம் என்ன ஆயிற்று என்பதும் அதே பத்தியில் வந்திருக்கலாம். எனினும் பட்டியிலே பெயர் ஏறுவது வேறு, பள்ளியிலே பிள்ளை இருப்பது வேறு என்பதை நாடறியக் காட்டியவர் அவர்களே.

பள்ளிச் சட்டம் ஒருபக்கம் இருக்க, வேலைச் சட்டம் தனிவழியே நடந்தது. 1881-ம் வருஷத்து ஆலைச் சட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளை வேலை செய்யலாம், 1891-ல் அது ஒன்பதாயிற்று, 1922-ல் பன்னிரண்டு, 1948-ல் பதினாலு. பள்ளி வயது முடிவதற்கும் வேலை வயது தொடங்குவதற்கும் இடையிலே இசைவே இல்லை. அன்றியும், ஆலை என்று பெயர் பெறாத வீட்டுத் தறியையும் சிறு கொட்டகையையும் அச்சட்டங்கள் தொடவில்லை. ராயல் தொழிற் கமிஷன் 1931-ல் வெளியிட்ட அறிக்கை, முன்பணம் வாங்கிக்கொண்டு பெற்றோர் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் கொடுமையை வெளிப்படுத்திற்று. அதன் பயனாக 1933-ல் ஒரு சட்டம் பிறந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகாக்கும் ஒப்பந்தம் செல்லாது. செய்த பெற்றோருக்கு ஐம்பது ரூபாய்வரை, முதலாளிக்கு இருநூறு ரூபாய்வரை அபராதம். அச்சட்டம் வந்தபின்னரும் முன்பணம் என்னும் சொல் நம் பக்கத்துத் தறிக்கூடங்களில் வழக்கொழியவில்லை. கலியாணச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் வாங்கிய தொகை குடும்பத்தின் தலையில் நிற்கும்போது, பிள்ளை எந்த வகுப்பில் நிற்கிறான் என்பதை யார் கேட்பார்?

பள்ளிக்கூடம் சர்க்காருக்கு முன்னே சமூகத்தார் கைகளில் வளர்ந்த கதையும் நம் அண்டையிலேயே உண்டு. விருதுநகரில் நாடார் சமூகத்தார் 19-ம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வியாபாரத்திலிருந்து எடுத்த மகமையும், வீடுதோறும் பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசியும் அதனை வளர்த்தன. ஒரு பிடி அரிசி பெரிய கொடையன்று. ஆனால் அதை எடுத்துவைக்கும் தாய் தன் பிள்ளை அங்கே போகிறானா என்று கேளாமல் இராள். அப்பள்ளியில் படித்த காமராஜர் என்னும் பையன் சிறுவயதில் தகப்பனை இழந்து, ஆறாம் வகுப்பளவிலே படிப்பை விட்டுத் தாய்மாமன் ஜவுளிக்கடையில் இருத்தப்பட்டான். ஹார்ட்டாக் கமிட்டியாரின் கணக்குப்படி அது ஒரு விரயம்!

1953-ல் முதல் மந்திரியாயிருந்த ராஜாஜி, நகரங்களுக்குப் புறம்பான ஆரம்பப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. மற்றப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் வகுத்தார். ஓரிடத்தில் இருவேளை வகுப்பு நடத்தினால் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது அவர் பக்கத்து நியாயம். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்று அழைத்தனர். தறிக்காரன் மகன் அரைநாள் தறிக்குழியில் உட்கார்ந்தால் மறு அரைநாளும் அங்கேயே உட்காருவான் என்பது அவர்கள் அச்சம். இங்கிலாந்து 1918-ல் ஒழித்ததை நாம் 1953-ல் தொடங்கியது விசித்திரந்தான். 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் நம்மூர்க்குக் கிழக்கே எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊரார் நன்கொடையால் நடந்தது. அடுத்த ஆண்டிலிருந்து சர்க்காரும் பங்கிட்டது. 1982-ல் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் அபராதத்துக்கு அஞ்சிப் பள்ளி சேர்ந்த பிள்ளையைப்பற்றி ஒருவரும் கதை சொல்லக் கேட்டதில்லை. சோற்றுக்காகச் சேர்ந்து படித்து உத்தியோகம் பார்த்தவர்களின் கதையோ தெருவுக்குத் தெரு உண்டு.

பெண்பிள்ளைகளின் செய்தி வேறு. அவர்களை நிறுத்தியது வறுமை மட்டும் அன்று. பூப்பெய்திய பின் வீட்டில் இருத்துதலும் விரைவில் மணமுடித்தலுமே. 1929-ம் வருஷத்துச் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினாலு வயது என்றது. 1978-ல் அது பதினெட்டாயிற்று. 1989-ல் தமிழ்நாட்டு அரசு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால், எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் மணத்துக்கு ஐயாயிரம் ரூபாய் உதவிற்று. மணத்துக்கு உதவும் பணத்தைப் படிப்போடு முடிச்சிட்டது நல்ல யுக்தி. 2022-ல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. மணவறைக்குப் போன பணம் கல்லூரிக்குத் திரும்பியது.

நம் தாலூகாவின் கீழ்ப்பக்கத்திலிருந்து சிவகாசி, கோவில்பட்டிவரை பரந்த தீப்பெட்டி ஆபீசுகளைப்பற்றிச் சொல்லாமல் விடலாகாது. கட்டை அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் கிராமம் கிராமமாக வண்டி வந்து விடியுமுன் பிள்ளைகளை ஏற்றிச்சென்றது அண்மைக் காலத்துச் செய்தியே. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில், சட்டத்தை மீறிய முதலாளி பிள்ளை ஒன்றுக்கு இருபதினாயிரம் ரூபாய் கட்டவேண்டும். பிள்ளைக்குப் பதிலாக வீட்டிலுள்ள வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிடில் ஐயாயிரம் ரூபாய் சேர்க்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிள்ளையின் கூலிக்கு ஈடாகப் பெரியவரின் கூலியை வைத்துக் கணக்குப் போட்டது இத்தீர்ப்பே. காம்பெல் துரை எழுதி 173 வருஷங்கள் ஆகியிருந்தன.

பள்ளிச் சட்டத்திலும் மாறுதல் வந்தது. தமிழ்நாடு 1994-ல் செய்து 1998-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இன்னும் பெற்றோரின் கடமையையே முன்வைத்தது. 2002-ல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, ஆறு முதல் பதினாலு வயதுவரை கல்வி அடிப்படை உரிமையாயிற்று. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த சட்டம், ‘கட்டாயம்’ என்னும் சொல்லுக்கே புதுப்பொருள் தந்தது. பிள்ளையைச் சேர்த்து, வரச்செய்து, முடிக்கச்செய்வது அரசின் கடமை என்பதே அப்பொருள். பெற்றோரும் பிள்ளையைச் சேர்க்கவேண்டும் என்றது. சேர்க்காதவருக்கு அபராதம் சொல்லவில்லை. இடையில் நின்ற பத்து வயதுப் பிள்ளை மீண்டும் வந்தால் ஒன்றாம் வகுப்பில் கூனிக் குறுகி உட்கார வேண்டியதில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தரவேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையைத் தாமதிக்கவும் கூடாது.

இத்தனையும் பதினாலு வயதோடு நின்றுவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நின்றுவிடும் பையனுக்கு இந்த உரிமை இல்லை. அந்த வயதிலேதான் விசைத்தறியும், பட்டணத்து ஜவுளிக்கடையும் அவனை அழைக்கின்றன. 2020 மார்ச்சு முதல் தொற்றுநோயினால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது கையில் காசு பார்த்த பிள்ளைகளை மீண்டும் வகுப்புக்கு அழைப்பது ஆசிரியருக்கு எத்தனை பாடாயிற்று என்பதை நம்மில் பலர் கண்டோம். 2016-ம் வருஷத்துத் திருத்தம் பதினாலுக்குட்பட்ட பிள்ளையை எத்தொழிலிலும் வைக்கலாகாது என்று தடுத்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் தந்தது. ஆலையிலே இன்ஸ்பெக்டர் நுழையலாம். வீட்டு நடையிலே ஓடும் தறிக்கு முன்னால், பிள்ளை உதவுகிறதா, உழைக்கிறதா என்று அவர் எதைக் கொண்டு அளப்பார்? தார் சுற்றும் மணி இரவு பத்தைத் தாண்டினால் மறுநாள் காலை வகுப்பில் அப்பெண் தூங்குவாள். அடுத்த மாதம் வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே வெற்றிடம் கூடும்.

2009-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு ஒன்று உண்டு. அங்கத்தினரில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பகுதியிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து தொடர்ந்து வருகிறார்களா என்று கவனிப்பதும் அக்குழுவின் வேலை. கோகலே 1911-ல் கேட்ட உள்ளூர்க் குழு அபராதத்துக்கு வழிவைக்கும் அதிகாரத்தை மட்டும் இழந்து இவ்வாறு திரும்பி வந்திருக்கிறது. சங்கரன்கோவில் வட்டாரத்துப் பள்ளிகளின் குழுக்களில் நம் குடும்பத்துத் தாய்மார் பலர் இடம்பெற இயலும். கூட்டத்துக்குச் செல்வோர் கையெழுத்திட்டுத் திரும்பாமல், பத்து நாளுக்குமேல் வராத பிள்ளைகளின் பட்டியைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கலாம். அப்பட்டியில் நம் தெருப் பெயர்கள் இருப்பின், அவ்வீட்டாரின் முன்பணக் கணக்கையும் அதனோடு சேர்த்துச் சங்கத்தின் கல்வி நிதிக் கமிட்டியார் பார்க்கவேண்டியிருக்கும்.